வித்தும் சொல்லும்: சிறுவர் பாடத்தில் விதை பரவுதல்

தாவரங்களின் விதை பரவும் முறை தொடக்கப் பள்ளிச் சிறுவர்க்குக் கற்பிக்கப்பெறும் இயற்கைப் பாடங்களுள் ஒன்று. அஃது அறிவியலைச் சார்ந்தது. தமிழாராய்ச்சி இதழில் அதற்கு என்ன இடம் என்று வினவுவார் உளராகலாம். எப்பாடமும் மொழியால் நடைபெறுவது. பொருளைப் பிழையறக் காட்டும் மொழி அமையாவிடின், உண்மையான செய்தியும் மாணவன் நெஞ்சில் வெறும் பட்டியலாய் நின்றுவிடும். சிறுவன் முதன்முதலாகத் தாய்மொழியில் காரண காரியம் காணப் பழகுவது இத்தகைய பாடங்களில்தான். ஆதலின் அப்பாடத்தின் சொல்லும் தொடரும் பகுப்பும் தமிழாசிரியரின் ஆய்வுக்கு உரியன என்பது என் கருத்து. இக்கட்டுரை விதை பரவுதல் என்னும் ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழக்கமான அமைப்பிலுள்ள குறைகளைச் சுட்டி, பழைய திண்ணைப் பள்ளி நூலொன்றும் சங்கச் செய்யுட்கள் சிலவும் அக்குறைகளைக் களைய எவ்வளவில் துணைசெய்யும் என ஆராய்கின்றது.

1. பகுப்பின் குறை

இப்பாடம் பெரும்பாலும் நான்கு தலைப்புக்களில் அமையும்: காற்றின் மூலம், நீரின் மூலம், விலங்குகளின் மூலம், வெடித்தல் மூலம். ஒவ்வொரு தலைப்பின் கீழும் இரண்டு மூன்று தாவரப் பெயர்கள் வரும். எருக்கும் இலவமும் காற்றுக்கு, தென்னை நீருக்கு, நாயுருவியும் நெருஞ்சியும் விலங்குக்கு, வெண்டையும் ஆமணக்கும் வெடித்தலுக்கு. சிறுவன் இவற்றை மனப்பாடம் செய்வான், தேர்வில் பொருத்துவான், பின்னர் மறப்பான்.

பகுப்பு என்பது ஓர் அடிப்படை பற்றி நிகழ்தல் வேண்டும். காற்று, நீர், விலங்கு என்னும் மூன்றும் விதைக்குப் புறம்பான பொருள்கள். விதையைச் சுமந்து செல்வன. வெடித்தலோ காயின் தொழில், சுமக்கும் பொருளன்று. முதல் மூன்றும் ‘எது கொண்டு செல்கின்றது’ என்னும் வினாவிற்கு விடை; நான்காவது ‘எவ்வாறு விடுபடுகின்றது’ என்னும் வினாவிற்கு விடை. இருவேறு வினாக்களின் விடைகளை ஒரு நிரலில் வைத்தமையால், சிறுவன் இரண்டையும் பிரித்து உணரும் வாய்ப்பை இழக்கின்றான். ஆமணக்கை நோக்குக. அதன் காய் வெயிலில் முற்றி வெடித்து முத்துக்களைச் சிதறும். முத்தின் நுனியில் நெய்ப்பசையுடைய சிறு முடிச்சொன்று உண்டு. அதனை விரும்பி எறும்பு முத்தை இழுத்துச் செல்லும். இவ்வாறு ஒரு வித்தே முதலில் வெடித்தலாலும் பின்னர் எறும்பாலும் இடம் பெயர்கின்றது. நான்கு பெட்டிகளுள் ஒன்றில் இதனை அடைத்தால் உண்மையிற் பாதி வெளியே நின்றுவிடும்.

2. வினையும் வினைமுதலும்

இரண்டாவது குறை வினைச்சொற்களைப் பற்றியது. விதை பரவுகின்றது, செடி விதையைப் பரப்புகின்றது, விதை காற்றால் பரப்பப்படுகின்றது என மூவகைத் தொடரும் ஒரே பக்கத்தில் வேறுபாடின்றி வருதல் உண்டு. பரவு என்பது தன்வினை. பரப்பு என்பது பிறவினை. முதல் தொடரில் விதை எழுவாய். இரண்டாவதில் செடி எழுவாய், விதை செயப்படுபொருள். மூன்றாவதில் காற்றுக்கு வினைமுதன்மை ஏற்றப்படுகின்றது. இம்மூன்றும் ஒரு நிகழ்ச்சியையே குறிப்பினும் மூன்று வேறு உலகங்களைக் காட்டுகின்றன. செடி பரப்புகின்றது என்னும்போது, செடிக்கு ஒரு நோக்கமும் திட்டமும் இருப்பனபோல் சிறுவன் கருதுவான். ‘தன் பிள்ளைகளைத் தொலைவிற்கு அனுப்ப விரும்பிய தாய்ச்செடி’ என்று கதை கூறும் ஆசிரியர் இவ்வெண்ணத்தை மேலும் உறுதிப்படுத்துகின்றார். கதை இனிக்கும், ஆயின் செடிக்கு விருப்பம் இல்லை. சிறகு வாய்த்த விதை தொலைவு சென்றது; தொலைவு சென்றவற்றுள் பல பிழைத்தன; பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களுக்கும் அச்சிறகு வாய்த்தது. நிகழ்ந்தது இதுவே.

தொழில் நிகழ்வதற்குரிய முதல்நிலைகளை எட்டாக வகுத்து, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி முதலியவற்றைத் தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் வேறு வேறாக எண்ணினார். அவ்விலக்கணம் மொழிக்கு உரியதாயினும் இப்பாடத்திற்கு நல்ல அளவுகோலாம். எருக்கின் விதை எந்நிலத்தில், எக்காலத்தில், எதனைக் கருவியாகக் கொண்டு, எதன்பொருட்டுப் பெயர்கின்றது என ஆசிரியர் வினவினால், பட்டியல் பாடம் நிகழ்ச்சிப் பாடமாக மாறும். கோடையில் நெற்று உலர்வதும் கோடைக்காற்று வீசுவதும் ஒரு காலத்தனவாதல் அப்போது புலனாகும். ‘மூலம்’ என்னும் சொல்லும் இங்கு வேண்டா. காற்றால், நீரால், பறவையால் என மூன்றாம் வேற்றுமையே கருவிப்பொருளைத் தெளிவாய்த் தரும்.

3. சொல் வறுமை

மூன்றாவது குறை, விதை என்னும் ஒரு சொல்லே எல்லா இடத்தும் ஆளப்படுதல். சிறுவன் வீட்டில் மாங்கொட்டையும் பனங்கொட்டையும் பருத்திக்கொட்டையும் அறிவான், வேப்பமுத்தும் ஆமணக்குமுத்தும் அறிவான், நெல்மணி அறிவான், தென்னை நடுவோர் தேர்ந்தெடுக்கும் நெற்றும் அறிவான். இச்சொற்கள் வெறும் பெயர்வேறுபாடுகள் அல்ல. கொட்டை என்பது வன்மையையும், முத்து என்பது வழவழப்பையும் திரட்சியையும், மணி என்பது சிறுமையையும், நெற்று என்பது முற்றி உலர்ந்த நிலையையும் காட்டுவன. விதையின் உருவமே அது பரவும் முறைக்குக் காரணமாதலின், உருவத்தைக் காட்டும் சொல்லை நீக்குதல் காரணத்தையே நீக்குதலாம். நெற்றினை ‘உலர் கனி’ எனப் பெயர்த்தெழுதுவோர், பெயர்க்க வேண்டாத ஒன்றைப் பெயர்த்தவர் ஆகின்றனர்.

பழைய வழக்கிலுள்ள காழ் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. மரபியலில் புறக்காழ் உடையது புல் எனவும் அகக்காழ் உடையது மரம் எனவும் பகுக்கப்பட்டுள்ளது. அங்குக் காழ் என்பது வயிரம். சங்கச் செய்யுளில் அச்சொல்லே விதைக்கும் வருகின்றது. மென்மைக்குள் இருக்கும் வன்மை என்னும் பொதுப்பொருள் இரண்டிடத்தும் பொருந்துகின்றது. பழத்தின் மெல்லிய சதையைப் பறவை செரிக்க, அதனுள் கிடக்கும் காழ் செரியாது வெளிப்படும் என்னும் உண்மைக்கு இதனினும் ஏற்ற சொல் வாய்ப்பது அரிது.

பிறமொழியினின்று பெயர்த்தமைந்த நூல்களில் டான்டிலயனும் மேப்பிளும் சான்றாக வருதலும் இதன் பாற்படும். வேங்கையின் காய் வட்டமான சிறகினை உடையது. முருங்கை விதைக்கு மூன்று மெல்லிய சிறகுகள் உண்டு. முற்றிய முருங்கைக்காயைப் பிளந்து காட்ட எந்தப் பள்ளியிலும் இயலும்.

4. திண்ணைப் பள்ளி காட்டிய விதை

விதையைப் பற்றிச் சிறுவர்க்குக் கூறும் வழக்கம் தமிழிற் புதிதன்று. அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கை, திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் முதலியவற்றோடு வைத்துக் கற்பிக்கப்பட்ட நூல். அதனுள் ஆலின் வித்தும் பனையின் வித்தும் எதிரெதிரே வைத்துக் காட்டப்படுகின்றன. மிகச் சிறிய ஆலின் வித்து, படையோடு வரும் வேந்தனுக்கும் நிழல் தரும் மரமாகின்றது. பெரிய பனையின் வித்து வானளாவ வளர்ந்தும் ஒருவனுக்கு நிழல் தாராது. உருவம் கண்டு பெருமை சிறுமை துணிதல் கூடாது என்பது அதன் முடிபு.

இது பொருள் விளங்கும் நல்ல உவமை. எதிர்நிலை வைத்துக் கற்பிக்கும் முறையும் சிறுவர்க்கு ஏற்றதே. ஆயின் அறம் கூறும் கருத்து முந்தியமையால், இயற்கை நோக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. ஆலின் வித்து ஏன் சிறியது, பனையின் வித்து ஏன் பெரியது என்னும் வினா அங்கு எழவில்லை. எழுந்திருப்பின் விடை வியப்புத் தருவதாம். ஆலின் பழத்தை உண்ட பறவையின் வயிற்றில் அச்சிறு வித்து அழியாது கடந்து, எச்சத்தோடு மதிலிலும் கோபுரத்திலும் மரக்கவையிலும் விழுந்து முளைக்கும். சிறுமையே அதன் ஊர்தி. பனையின் வித்தோ அங்ஙனம் பறவையாற் பரவாது. விழுந்த இடத்தின் அருகே கிடந்து, வறண்ட மணலுள் ஆழ முளையைச் செலுத்தும். அதற்கு வேண்டும் உணவைச் சேர்த்து வைத்திருப்பதே அதன் பருமை. அவ்வாறு மண்ணுள் இறங்கித் திரண்டதையே பனங்கிழங்கு என அவித்து உண்கின்றோம். நிழல் தாராமை பனைக்குக் குற்றமன்று.

பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை இட்ட ஆலம்வித்து முளைத்து, விழுது விட்டுப் பனையைத் தழுவி நிற்கும் காட்சி தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. நூலிற் பகையாக நின்ற இரு வித்துக்களும் அங்கு ஓரிடத்தே கூடுகின்றன. வெற்றிவேற்கையைக் கற்பிக்கும் ஆசிரியர் அக்காட்சியைச் சுட்டினால், அறமும் கெடாது, அறிவியலும் விளங்கும்.

5. சான்றோர் கண்ட காட்சிகள்

திண்ணைப் பள்ளி நூலினும் மிக முற்பட்ட சங்கச் செய்யுட்களில், விதை தாயை விட்டு நீங்கும் காட்சிகள் அறநோக்கின்றி, கண்டது கண்டபடியே பதிவாகியுள்ளன. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பும் (1915) உ. வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பும் (1937) வெளிவந்தபின் இவை யாவரும் எளிதிற் காணத்தக்கனவாயின.

வெடித்தலுக்குக் குறுந்தொகை 174 ஆம் பாட்டு சான்று. வெண்பூதியார் பாடியது. மழை நீங்கிய பாலை வழியில் கள்ளியின் காய் வெடிக்கும் கடிய ஒலி, இணையாக இருந்த புறாக்களை அஞ்சி நீங்கச் செய்கின்றது. பொருள் தேடப் பிரிய எண்ணிய தலைவனைக் குறித்துத் தலைவி கூறும் கூற்றில் இக்காட்சி வருகின்றது. காயின் பிளவு இணையின் பிரிவுக்கு ஏதுவாதல் உள்ளுறையாக எண்ணி இன்புறத்தக்கது. பாடம் கற்பிப்போர்க்கு வேண்டியது வேறொன்று: வெடிப்பு ஒலியால் அறியப்படுவது என்பது. வெண்டைக்காய் வெடிக்கும் எனப் படிக்கும் சிறுவன் அதன் பிளவைக் காணலாம், ஒலியைக் கேளான். பட்டாசுக்காய் எனச் சிறுவர் பெயரிட்டழைக்கும் காயை நீரிலிட்டால் ஒலியோடு வெடிப்பதைக் கேட்பான். கள்ளியின் காய் உலர்ந்து வெடிப்பது. பட்டாசுக்காய் நனைந்து வெடிப்பது. ஒரு தொழிலுக்கு இருவேறு ஏதுக்கள் உள்ளமை இங்ஙனம் விளங்கும்.

காற்றின் தொழிலுக்குக் குறுந்தொகை 7 ஆம் பாட்டினைக் கொள்ளலாம். பெரும்பதுமனார் பாடியது. காற்று மோத வாகையின் வெண்ணிற நெற்றுக்கள் ஒலிக்கின்றன. கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலி அதற்கு உவமை. நெற்று, காற்று, கோடை, ஒலி ஆகியவை ஒருங்கு அமைந்தமையால், உலர்தலும் அசைதலும் விடுபடுதலும் ஒரு தொடர்நிகழ்ச்சியாதல் தோன்றும்.

நெருஞ்சியைப் பற்றிய குறுந்தொகை 202 ஆம் பாட்டு நுட்பம் மிக்கது. கண்ணுக்கு இனிய புதுமலரைத் தந்த நெருஞ்சி பின் முள்ளைத் தந்தாற்போல, முன் இனியவனாயிருந்த தலைவன் இன்னாதவன் ஆயினான் என்று தலைவி நோகின்றாள். அள்ளூர் நன்முல்லையார் வாக்கு இது. மலர் இனிமைக்கும் முள் துன்பத்திற்கும் உவமையாதல் வெளிப்படை. ஆயின் நெருஞ்சியின் முள், கருவேலின் முள்போலத் தண்டில் தோன்றுவதன்று. மலர் காயாகி, அக்காயின்மேல் தோன்றுவது. அந்த மலரே அந்த முள்ளாயிற்று என்பது செடியியல்பிற்கு முற்றும் ஒத்தது. இன்பம் தந்தவனே துன்பமும் தந்தான் என்னும் கருத்துக்கு இவ்வொருமை இன்றியமையாதது. மலரும் முள்ளும் வேறு வேறு உறுப்பாயின் உவமை பாதி தளர்ந்துவிடும். அக்காய் ஐந்து கூறாகப் பிரிந்து, காலிலும் குளம்பிலும் தைத்து இடம் பெயர்வதைப் புலவர் கூறவில்லை. அதனை ஆசிரியர் கூறுதல் வேண்டும்.

பறவையும் வௌவாலும் அடுத்தவை. குறுந்தொகை 67 இல் கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பற்றியிருக்கின்றது. பொற்காசினை நகநுனியில் பிடித்த பொற்கொல்லன் கை அதற்கு உவமை. 201 இல் வௌவால் தேமாம்பழத்தை உண்டு, நெல்லியின் புளிப்பையும் அருந்தி, அயலில் உள்ள முள்ளில்லாத மூங்கிலில் தொங்குகின்றது. விதை பரவுதலுக்கு உயிர்நிலையான செய்தி இப்பாட்டிலுள்ள ‘அயல்’ என்னும் கருத்தே. உண்ட இடம் ஒன்று, தங்கும் இடம் மற்றொன்று ஆதலினாலேயே வித்து இடம் பெயர்கின்றது. உண்ட மரத்திலேயே தங்கும் உயிரால் மரத்திற்கு அப்பயன் இல்லை.

6. எல்லை

இச்சான்றுகளைக் கொண்டு, விதை பரவும் இயலைச் சங்கச் சான்றோர் கண்டறிந்தனர் என்று முழங்குதல் ஆராய்ச்சியாகாது. அவர்கள் கூறியது காட்சி, காரணமன்று. கள்ளியின் காய் வெடித்தது என்றனர். விதை எங்கு வீழ்ந்தது என்றிலர். கிளி பழத்தைப் பற்றியது என்றனர். அதன்பின் நிகழ்ந்தது கூறப்படவில்லை. கிளியினம் பல விதைகளை அலகால் உடைத்துத் தின்பதாகலின், அதனை வித்துப் பரப்பும் பறவை எனக் கொள்வதும் ஆராயத்தக்கது. அகப்பாட்டின் பொருள் உரிப்பொருள். கருப்பொருள் அதற்குத் துணை. துணையைத் தலைமையாக்கினால் பாட்டும் கெடும், பாடமும் கெடும்.

காரணம் காணும் முறைக்கு வேறு வழிகாட்டிகள் வேண்டும். டார்வின் தம் 1859 ஆம் ஆண்டு நூலில், 87 வகை விதைகளை உப்புநீரில் 28 நாள் ஊறவைத்ததில் 64 வகை முளைத்தன என்று பதிவு செய்தார். குளத்துச் சேற்றில் ஒரு காலைக் கிண்ண அளவு எடுத்து வைத்திருந்து, அதில் முளைத்த 537 செடிகளை எண்ணினார். நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சேறு எத்துணை வித்துக்களைச் சுமக்கலாம் என்பது அதனால் தெரிந்தது. உப்புநீர், கிண்ணம், சேறு, பொறுமை ஆகியவையே இவ்வாராய்ச்சிக்கு வேண்டியவை. இவை தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக்கும் எட்டுவன.

விதை ஏன் தொலைவு செல்லவேண்டும் என்னும் வினாவும் பாடங்களில் பெரும்பாலும் ஒரு வரியில் முடிகின்றது. தாய்மரத்தின் நிழலில் ஒளி குறைவு. நீருக்கும் உரத்திற்கும் போட்டி மிகுதி. இவற்றோடு, தாய்மரத்தைச் சார்ந்து வாழும் பூச்சியும் நோயும் அதன் அடியில் முளைப்பவற்றை மிகுதியாய் அழிக்கும் என்னும் கருத்தை 1970 இல் ஜேன்சனும் 1971 இல் கானெலும் வெளியிட்டனர். வேம்பின் அடியில் முளைத்த கன்றுகளை மழைக்காலத்தில் எண்ணி, கோடையில் மீண்டும் எண்ணச் செய்தால், எத்தனை எஞ்சின என்பதைச் சிறுவன் தானே காண்பான்.

7. பாடம் அமையுமாறு

மேற்கூறியவற்றால், சிறுவர்க்குரிய விதைப் பாடம் பின்வருமாறு அமைதல் தகும். முதலில் பொருள், பின்பு அதன் பெயர், பின்பு அதன் தொழில், இறுதியில் வகை. இன்று இவ்வரிசை தலைகீழாக உள்ளது, வகையே முன்னிற்கின்றது. எருக்கம்பஞ்சு, நெருஞ்சிக்காய், வேப்பமுத்து, நெற்றுத் தேங்காய் ஆகியவற்றைக் கையில் தந்து, இது எதனால் நகரக்கூடும் என வினவுதல் வேண்டும். ஊதிப் பார்த்தும் நீரிலிட்டுப் பார்த்தும் துணியில் ஒட்டிப் பார்த்தும் சிறுவன் விடை காண்பான். அதன்பின் வகை கூறினால், அது அவன் கண்டதற்கு இட்ட பெயராகும்.

1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம், சிறுவர்க்கு அறிவுநூற் செய்தியைத் தமிழில் தர இயலும் என்பதை நிலைநாட்டியது. பெ. நா. அப்புசாமியின் அறிவியற் கட்டுரைகளும் எளிய நடைக்கு எடுத்துக்காட்டு. அவ்வழியில் மேற்செல்ல, அறிவியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் கூடி எழுதும் நிலை வேண்டும். தாவரத்தின் செய்தியை அவர் தருவார். தன்வினை எது, பிறவினை எது, வழக்கிலுள்ள சொல் எது என்பதை இவர் தருவார். தமிழ்த்துறைகளிற் பயிலும் ஆய்வு மாணவர்கள் வட்டாரந்தோறும் வித்து, காய், நெற்றுப் பெயர்களைத் தொகுத்தால், பாடநூல் எழுதுவோர்க்கு அது பெருந்துணையாகும். முதியோர் நாவில் வழங்கும் அச்சொற்கள் அவரோடு மறையுமுன் அப்பணி நடைபெறுதல் வேண்டும்.

8. முடிவுரை

நற்றிணை 172 ஆம் பாட்டில், சிறுமியர் விளையாட்டாக வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னையின் காழ் முளைவிடுகின்றது. அதனை நெய்யும் பாலும் பெய்து வளர்க்கின்றனர். அம்மரம் உனக்கு உடன்பிறந்தாள் என்று அன்னை கூற, அதன் நிழலில் தலைவனோடு நகையாடத் தலைவி நாணுகின்றாள். புன்னையின் காய் இயல்பாக நீரில் மிதந்தும் வௌவாலாலும் பரவுவது. இங்கு அதனை இடம்பெயர்த்தது சிறுமியர் கை. பாடப் பகுப்பின் நான்கு தலைப்புள் அக்கைக்கு இடம் இல்லை; ஆயினும் மனிதன் பரப்பிய வித்துக்கள் எண்ணிறந்தன.

அச்சிறுமியர் எதனையும் மனப்பாடம் செய்திலர். காழைத் தொட்டனர், மண்ணில் அழுத்தினர், மறந்தனர், முளைத்தபோது கண்டனர், அதற்கு ஓர் உறவுப்பெயரும் பெற்றனர். தொடுதல், காணுதல், பெயரறிதல் என்னும் இவ்வொழுங்கே சிறுவர் கல்விக்குரிய ஒழுங்காம். விதையைச் சொல்லோடும் சொல்லை விதையோடும் சேர்த்துத் தரும் பாடமே சிறுவன் உள்ளத்தில் ஊன்றும். அத்தகைய பாடம் எழுதுதல் தமிழ் கற்றோர்க்கும் கடமையாகும் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு.